எள்ளுக்குப் பயப்படும் தீவுகள்

பன் அக்காவுக்கு அந்தத் தீவுகளின் மேல் பைத்தியம் பிடித்ததற்கு ஒரே காரணம் எள்.

ஆமாம், எள்ளேதான்! பன்னின் தலையில் தூவுவது, பல் இடுக்கில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை உயிரை வாங்குவது, அதே எள்.

துறைமுகத்துக்குப் போகும் தெருவின் திருப்பத்தில் இருக்கிறது அவர்களுடைய பேக்கரி. முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் அடுப்பறை, நடுவில் பக்கவாட்டில் மட்டுமே நடக்க முடிகிற ஒரு சந்து. கல்யாணமாகி அந்தச் சந்துக்குள் நுழைந்த வாரமே அக்காவின் சொந்தப் பெயர் காணாமல் போய்விட்டது. தெரு முழுக்க அவள் பன் அக்கா, புருஷன் மாஸ்டர். மாவு பிசைவதும் அடுப்பைப் பார்ப்பதும் மாஸ்டர். உருட்டுவது, பால் தடவுவது, எள் தூவுவது எல்லாம் அக்கா. கையைக் கண்ணுக்கு நேரே தூக்கி, மூன்று விரலை உரசி அவள் தூவினால் தூறல் விழுகிற மாதிரி ட்ரே முழுக்கச் சமமாக விழும். மாஸ்டர் தூவினால் ஒரு பன்னுக்குத் தாடி முளைக்கும், பக்கத்துப் பன்னுக்கு வழுக்கை விழும். இதனாலேயே எள் டப்பாவை அவர் கையில் கொடுப்பதில்லை என்று அக்கா வைராக்கியமாக இருந்தாள். அவளுடைய புடவை மடிப்பில் எள், பர்ஸில் எள், தலையணை உறைக்குள் எள். சுருட்டைமுடி வேறு. முடியா அது, புதர்! ஒருமுறை சீப்பு ஒன்று அதற்குள் போய் மறுநாள்தான் கிடைத்தது.

அந்த பேக்கரியிலிருந்துதான் தீவுகளின் காவல்காரர்களுக்கும் பன் போகும். கடலுக்குள் வெகுதூரம் தள்ளி, கையிலிருந்து சிதறிய பொரி மாதிரி கிடக்கும் தீவுக்கூட்டம். அங்கே ஊர் கிடையாது, கடை கிடையாது. கடல் பறவைகளும் ஆமைகளும் அவற்றுக்குக் காவலாகச் சில மனிதர்களும்தான். தீவுக்குப் போகும் ஆளையும் சாமானையும் சோதிக்கும் பரிசோதகர், முதல்முறை ஆர்டர் கொடுக்க வந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"தீவுக்குப் போற பன்னுல எள்ளு கூடாதும்மா."

"ஏன் சார், அங்க இருக்கறவங்களுக்கு எல்லாம் பல் வலியா?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வெளி விதை எதுவும் அந்த மண்ணுல விழக்கூடாது."

"சார், இது அடுப்புல வெந்த எள்ளு. செத்துப்போச்சு சார். எந்திரிச்சு வராது."

"தெரியும்மா. ஆனா வேகாதது ஒண்ணு அடியில ஒட்டிக்கிட்டு வந்தா எப்படிக் கண்டுபிடிப்பேன்? அதான், எள்ளே வேணாம்." சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டார். "யாரோ ஒருத்தர் காலுறையில ஒரு புல்லு விதை போயிடுச்சு. ஒண்ணே ஒண்ணு. அது ஒரு தீவையே மூடிடுச்சு. பறவைங்க முட்டை வைக்க இடமில்லாம கத்திக்கிட்டு சுத்துது. வருஷக்கணக்கா மண்டி போட்டுப் பிடுங்கினோம். என் முட்டி போனதே அதுலதான்."

அக்கா வாயைப் பிளந்து நின்றாள். எள்ளுக்குப் பயப்படும் ஊரா! புயலுக்குப் பயப்படும் ஊர் உண்டு, திருடனுக்குப் பயப்படும் ஊர் உண்டு. தன் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தத் துளிக்காக ஒரு மனுஷன் முட்டியைத் தேய்த்திருக்கிறான் என்றால், அந்த இடம் எப்படிப்பட்ட இடமாக இருக்கும்?

அன்று பிடித்ததுதான். படகுக்காரர்கள் டீக்கு ஒதுங்கினால் போதும், பன்னைக் கையில் கொடுத்துவிட்டுக் கதையைப் பிடுங்கிக்கொள்வாள். மாவுத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஆமை இருக்கிறதாம். உட்காரலாம் போலிருக்குமாம், உட்கார்ந்தால் தொலைந்தோமாம். பறவைகள் மனுஷனைக் கண்டால் பறக்காதாம்.

"பறக்கலைன்னா அது கோழி அண்ணி. நம்ம தெருவுலயே இருக்கு, வந்து பாருங்க" என்பாள் நாத்தனார். மாஸ்டரின் தங்கை, அடுத்த தெருவில் தையல் கடை. காலையில் வாயைத் திறந்தால் கடையை மூடும்போதுதான் மூடுவாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆண்டுதோறும் ஊர்க்காரர்களில் விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்களைக் குலுக்கல் போட்டு ஒருநாள் தீவுக்குக் கூட்டிப்போவார்கள். அக்காவும் விடாமல் பேர் கொடுத்தாள், அதிர்ஷ்டமும் விடாமல் அவளை ஏமாற்றியது. ஒருமுறை எதிர்வீட்டுக்காரருக்கு விழுந்தது. அந்த மனுஷன் "வெயிலா இருக்குமே" என்று போகாமல் படுத்துவிட்டார். அக்கா ஒரு மாதம் அவருக்கு முந்தின நாள் பன்னைத்தான் கொடுத்தாள்.

இந்த வருஷம் விழுந்தது!

போனில் செய்தி வந்தபோது அவள் பால் தடவிக்கொண்டிருந்தாள். பிரஷ் ஒரு பக்கம், கிண்ணம் ஒரு பக்கம். பன் வாங்க வந்த முன்பின் தெரியாத அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்த அம்மாவும், என்ன ஏது என்று தெரியாமலே, சிரித்துக்கொண்டு சேர்ந்து சுற்றினாள். அடுப்பில் ஒரு ட்ரே கருகியது. கருகிய வாடைக்கே கத்துகிற மாஸ்டர், அன்றைக்குக் கரிக்கட்டையான பன் ஒன்றை எடுத்துக் கடித்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிப்போகலாம். "என்னங்க, வாங்களேன்."

"கடல் காத்து அடிச்சாலே எனக்கு வயித்தைப் புரட்டும். அடுப்பை யார் பார்க்கிறது? நீ போம்மா. ரேடியோவைக் கூட்டிட்டுப் போ."

"நான் அப்பவே துணி எடுத்து வெச்சிட்டேன்" என்று சந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது.

விதை ஒட்டிய ஆளைப் படகில் ஏற்ற மாட்டார்கள். அதனால் ஒரு வாரத்துக்கு அக்காவை பேக்கரியிலிருந்து நாடு கடத்தினார் மாஸ்டர். அவள் நாத்தனார் வீட்டில் தங்கினாள். மடிப்பு இல்லாமல், பை இல்லாமல், விதை ஒளிய இடமே இல்லாமல் ரேடியோ இரண்டு சுடிதார் தைத்தாள். முடியை அலசி அலசித் தண்ணீர்த் தொட்டி காலி. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

புறப்படும் நாள் காலை. படகுத்துறைக்குப் போகிற வழியில் பேக்கரி. புது மாவின் புளிப்பு வாசம் தெருவரைக்கும் வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. "ஒரே ஒரு நிமிஷம் டி. சொல்லிட்டு வந்துடறேன்."

உள்ளே போனால், மாஸ்டர் எள் தூவிக்கொண்டிருந்தார். தாடி, வழுக்கை, தாடி, வழுக்கை. எந்தப் பன்காரி பொறுப்பாள்? "ஐயையோ, குடுங்க இப்படி!" டப்பாவைப் பிடுங்கினாள், கையைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள், தூவினாள். ஒரு ட்ரே. இன்னொரு ட்ரே. மேலே மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது ட்ரேக்குக் கை போனபோதுதான் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"அண்ணி!" வாசலில் நின்ற ரேடியோவுக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அந்த வீட்டில் அது பெரிய சம்பவம்.

படகுத்துறையில் பரிசோதகர் குறுக்கே கயிறு கட்டி, வெள்ளைத் துணியை விரித்து வைத்திருந்தார். அதன் மேல் ஒவ்வொருவராக நிற்க வேண்டும். செருப்பைத் தேய்த்தார்கள், பையைக் குலுக்கினார்கள், துணி மேல் ஒரு உறிஞ்சும் குழாயை ஓட்டினார்கள். ரேடியோ தேறிவிட்டாள். அக்கா நின்றாள். துணி சுத்தம், செருப்பு சுத்தம். பரிசோதகர் சீப்பை எடுத்தார். ஒரு இழுப்பு. வெள்ளைத் துணியில் டப்பென்று ஒரு எள்.

இன்னொரு இழுப்பு. இரண்டு.

தெரு ஜனம் மொத்தமும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது. குழாயடியில் தலையை அலசினாள், துவட்டினாள், மறுபடி நின்றாள். மறுபடி ஒரு எள். புதருக்குள் அவை குடித்தனமே நடத்தின.

பரிசோதகர் முகம் வாடிவிட்டது. "பன் அக்கா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா..."

"புரியுது சார்." துணியில் கிடந்த எள்ளை அவளே பொறுக்கி எடுத்தாள். "தப்பு என்னுதுதான். உங்க முட்டி மேல ஆணையா, உங்க மேல கோபமே இல்ல." படகு உறுமத் தொடங்கியது. அவள் கடலைப் பார்த்தாள், ஜனத்தைப் பார்த்தாள். ஜனத்துக்குள், துறைமுகத்து முடிதிருத்துபவர் கடையைப் போட்டது போட்டபடி வேடிக்கை பார்க்க வந்திருந்தார், கையில் மெஷினோடு.

அக்காவின் கண் அந்த மெஷினிலேயே நின்றது.

"அண்ணே, அது ஓடுமா?"

"சார்ஜ் இருக்கு. எதுக்கு?"

"எடுத்துடுங்க. மொத்தமா."

"அண்ணி, வேணாம்! முடி அண்ணி!"

"முடிதானே டி, வளரும். படகு வளருமா?"

ஒரே களேபரம்! கயிற்றுக்கு வெளியே ஒரு நாற்காலி முளைத்தது. மெஷின் ர்ர்ரென்று ஓடியது. சுருள் சுருளாக மேகம் மாதிரி விழுந்தது முடி. மாஸ்டர் மாவுக் கையோடு ஓடிவந்து, பார்த்து, கண்ணீர் விட்டு, கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் மாவாகி நின்றார். "உனக்கு மண்டை இவ்வளவு அழகா ரவுண்டா இருக்கும்னு இத்தனை வருஷம் தெரியாமப்போச்சேம்மா" என்றார். மறுபடி குழாயடி, மாற்றுச் சுடிதார், வெள்ளைத் துணி. பரிசோதகர் வழுவழு மண்டையை ஒரு சுற்றுப் பார்த்தார், குனிந்து காதுக்குள் பார்த்தார்.

"ஏறுங்க."

ஜனம் கைதட்டியதில் துறைமுகத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

படகில் ரேடியோ சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "அண்ணி, சொன்னா அடிக்கக்கூடாது. இப்ப நீங்களே எள்ளு போடாத பன் மாதிரிதான் இருக்கீங்க." அக்கா அடித்தாள். பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மண்டையில் காற்று நேராகப் படுவது எவ்வளவு சுகம் என்று அக்கா கண்டுபிடித்ததும் அந்தப் பயணத்தில்தான்.

தீவு வந்தது. தண்ணீர் முதலில் நீலமாக இருந்தது, அப்புறம் பச்சை, அப்புறம் ஒன்றுமே இல்லாத மாதிரி தெளிவு. படகு அந்தரத்தில் தொங்குவதுபோல் அடியில் அதன் நிழல் போனது. கரையில் மணல் மாவு மாதிரி. மைதா இல்லை, அதைவிட நைஸ். வானம் முழுக்கப் பறவை, மரம் முழுக்கப் பறவை, கரை முழுக்கப் பறவை.

"அண்ணி, எள்ளு போட்டா கீழ விழாது போலிருக்கே, என்னா கூட்டம்!" என்று ரேடியோ கத்தினாள்.

கரையில் காத்திருந்த காவல்காரப் பெண் பதறிப்போய்த் திரும்பினாள். "எள்ளா? யார்கிட்ட எள்ளு?"

சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

காவல்காரி சின்ன வயசு, வெயிலில் கறுத்துப்போன முகம், கண்டிப்பான குரல். "வெள்ளைக் கல்லு போட்ட வழியை விட்டுக் கால் வைக்காதீங்க. எதையும் தொடாதீங்க. நீங்க கிட்ட போகக்கூடாது. ஆனா அதுங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஏதாவது உங்க கிட்ட வந்தா, அதுவா போற வரைக்கும் அசையாம நில்லுங்க. ஆமை அந்தப் பக்கம், பச்சைக் குளத்துக்கிட்ட. போலாமா?"

போலாமாவா! அக்கா வலது காலை எடுத்து மணலில் வைத்தாள். எத்தனையோ வருஷத்துக் கனவு உள்ளங்காலில் சுட்டது. இரண்டாவது அடி வைத்தாள், மூன்றாவது வைத்தாள், அப்போது தலைக்கு மேல் காற்று படபடத்தது. ஏதோ மண்டையில் இறங்கியது. குளிர்ந்த, குட்டிக் கால்கள்.

"அசையாதீங்க!" என்றாள் காவல்காரி.

அக்கா கல்லானாள். "டி ரேடியோ, என்னடி அது?"

"அண்ணி... பறவை. வெள்ளைன்னா வெள்ளை, அப்படி ஒரு வெள்ளை. கண்ணு மட்டும் கறுப்பு மணி. உங்க மண்டையில உக்காந்துக்கிட்டு என்னையே முறைக்குது."

"வெள்ளை ஆலா" என்றாள் காவல்காரி. கண்டிப்பெல்லாம் போய் அவள் குரலில் சிரிப்பு வந்துவிட்டது. "இது கூடு கட்டாது. வழுவழுன்னு ஒரு கிளையோ கல்லோ கிடைச்சா அது மேலயே முட்டை வெச்சிடும். உங்க தலையை நல்ல இடம்னு நினைச்சிருக்கு."

"முட்டையா! வெச்சிட்டா?"

"வெச்சிட்டா பொரியற வரைக்கும் நீங்க இங்கதான்."

அவள் விளையாடுகிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்று ரேடியோவுக்குப் புரியவில்லை. "அண்ணாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

நின்றார்கள். பறவை போவதாக இல்லை. சிறகைக் கோதியது, ஒரு சுற்றுத் திரும்பியது, வசதியாக உட்கார்ந்தது. மற்றவர்களுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. தங்குவதற்கு அனுமதி மதியம் வரைதான். காவல்காரி கையைப் பிசைந்தாள். "நான் இவங்களைக் கூட்டிட்டுப் போறேன். அது பறந்ததும் கல்லு வழியிலயே நேரா வாங்க. வழி தப்பாது."

"நீ போடி" என்றாள் அக்கா உதட்டை மட்டும் அசைத்து. "ஆமையைப் பார்த்துட்டு வந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லணும்."

எல்லோரும் போனார்கள். ரேடியோவின் குரல் கொஞ்ச தூரம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

கரையில் அக்கா மட்டும் நின்றாள். தலையில் ஒரு விருந்தாளி.

முதலில் சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை ஆடும். அடக்கிக்கொண்டாள். பிறகு பகீரென்றது. வெள்ளைக் கல் வழி, இதோ, கண் முன்னால் புதருக்குள் வளைந்து போகிறது. அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் குளம், ஆமை, டீ நேரக் கதைகள் எல்லாம் நிஜமாக நிற்கும் இடம். முடியைக் கொடுத்து வந்திருக்கிறாள். மூன்றே மூன்று அடி வைத்திருக்கிறாள். ஒரு தும்மல் போட்டால் போதும். தும்மல் தப்பில்லையே, தானாக வருவதுதானே? யார் பார்க்கப் போகிறார்கள்?

மூக்கு நிஜமாகவே ஊறத் தொடங்கியது. எப்பேர்ப்பட்ட உதவி!

அப்போது பறவை, ம்க்கூம் என்று சொல்வது போல அடித்தொண்டையில் ஒரு சின்னச் சத்தம் போட்டுவிட்டு வயிற்றை அவள் மண்டையில் அழுத்தி அமர்ந்தது. வெதுவெதுப்பு. கை வைத்தே எடை சொல்லும் பன்காரிக்குத் தலையிலும் எடை தெரிந்தது. ஒரு பன்னுக்கான மாவு உருண்டை, அதற்குமேல் ஒரு கிள்ளு. உள்ளே இதயம் துடிப்பதுகூடத் தெரிந்தது, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. இந்த உருண்டை தன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறது. பயப்படத் தெரியாமல் இருக்கிறது. இதைப் பயப்பட வைக்கும் முதல் ஆள் நானா?

அக்கா மூக்கைச் சுருக்கினாள், கண்ணை மூடினாள், மூச்சை இழுத்துப் பிடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. தும்மல் திரும்பிப் போனது.

அதற்கப்புறம் அவள் போக நினைக்கவில்லை. நின்றாள். நிற்கிற இடத்திலிருந்து என்னென்னவோ வந்தது! ஒரு நண்டு, கண்ணாடிபோல் உடம்பு, அவள் கட்டைவிரலைச் சுற்றி நடந்து யோசித்துவிட்டுப் போனது. அலை வரும்போது ஒரு நிறம், போகும்போது வேறு நிறம். நிழல் அவள் காலடியில் சுருங்கியது. அந்த நிழலின் தலையில் ஒரு பறவை! அதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள்ளே கும்மாளம். ராணிகளுக்குக்கூட இப்படி ஒரு கிரீடம் வாய்த்திருக்காது.

எல்லோரும் திரும்பி வந்தபோது அதே இடம், அதே அக்கா, அதே பறவை. படகு கூப்பிட்டது. காவல்காரி கையைத் தூக்கிப் படகுக்காரரிடம் கத்தினாள். "இருங்கண்ணே! அவங்க தலையில ஆள் இருக்கு!"

படகு காத்திருந்தது. மொத்தக் கூட்டமும் மூச்சு விடாமல் சுற்றி நின்றது. ரேடியோகூட வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் அந்த ஆலா எழுந்து, சோம்பல் முறித்து, போகிற போக்கில் மண்டையில் ஈரமாக ஒன்றை வைத்துவிட்டு, வெயிலுக்குள் வெள்ளையாகக் கரைந்து போனது.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் முட்டி மடங்கி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தலையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டது அந்தக் கண்டிப்பான காவல்காரிதான், பச்சைக் குழந்தைக்குச் செய்கிற மாதிரி பதமாக.

திரும்பும் வழியெல்லாம் ரேடியோ ஆமையை விவரித்தாள். கழுத்துச் சுருக்கம், நடை, மூச்சு, எதையும் விடவில்லை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் திடீரென்று அவள் கண் கலங்கியது. "உங்களுக்கு வருத்தமா இல்லையா அண்ணி? இவ்வளவு ஆசைப்பட்டு வந்து, ஆமையைப் பார்க்காமலே..."

"கால் மரத்துப்போச்சு டி" என்று சிரித்தாள் அக்கா. "கொஞ்சம் பிடிச்சு விடு."

படகுத்துறையில் மாஸ்டர் நின்றிருந்தார். கயிற்றைத் தாண்டி வரக்கூடாது என்பதால் கயிற்றின் மேல் பாதி உடம்பு தொங்கியது. "ஏம்மா, ஆமை எப்படி இருந்துச்சு?"

"பார்க்கலைங்க. ஒரு பறவை வந்து என் தலையில உக்காந்துடுச்சு. கடைசி வரைக்கும் நின்னேன்."

மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்தார். "எங்க உக்காந்துச்சு?"

அக்கா அத்தனை பேர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துத் தன் மண்டையில் வைத்தாள். "இங்க."

"இங்கயா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம் பின்னால."

"இந்த இடமா?"

"அங்கதான். அழுத்தாதீங்க. லேசா."

மாஸ்டர் மாவுக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார், அசையாமல்.

"அண்ணா, முழு ஆமையையும் பார்த்துட்டு வந்தவ நானு" என்று கத்தினாள் ரேடியோ. "என்னை யாராவது கேளுங்களேன்!"